நீட்டிய மணிக்கட்டுகள்

தில்லியில் ஒரு மனநலக் காப்பகத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் பேச ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் ஆர்.கே.புரத்திலிருந்து நான் போனேன்.

அவருக்குப் படிய வாரிய நரைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. என்னைக் கண்டதும் எழுந்து, இரு கைகளையும் சேர்த்து நீட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நானும் கைகூப்பினேன். அவர் கைகளை இறக்கவில்லை.

"கட்டிட்டுப் பேசுங்க சார்."

அப்போதுதான் மணிக்கட்டுகளைச் சுற்றியிருந்த தழும்புகளைப் பார்த்தேன்.

"எதுக்குங்க கட்டணும்?"

"யாராச்சும் வந்தா கட்டுவாங்களே. நாமளே நீட்டிட்டா இறுக்க மாட்டாங்க."

"ரொம்ப நல்ல மனுஷன், சார்ஜி," என்று பக்கத்தில் நின்ற காப்பக உதவியாளர் இந்தியில் அவரைப் பாராட்டினார்.

கூப்பிய கைகளை எப்படிப் பிரிப்பதென்று தெரியாமல் நின்றேன்.