கேரியரிலிருந்து இறங்கியவள்

சட்டைக்குப் பட்டன் தைப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டன் நுழைகிற ஓட்டையைப் போடுவதற்கென்றே ஒரு மனுஷி தனியாக உட்கார்ந்திருப்பாள் என்று யாரும் நினைப்பதில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற அந்தக் கம்பெனியில் அந்த மனுஷிக்குக் காஜாக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. காலையிலிருந்து மெஷினுக்கு முன்னால் குனிந்து, துணியில் அரை விரல் நீளத்துக்கு ஓரம் கட்டி நடுவில் கீறிக்கொண்டிருப்பாள். மற்ற தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். காஜா என்கிற அந்த ஓட்டை தப்பினால் வெட்டு வெட்டுதான், எந்தத் தையற்காரனாலும் மூட முடியாது. அதனால் அந்த வேலைக்குக் கண்ணும் வேண்டும், நிதானமும் வேண்டும். அவளிடம் இரண்டும் இருந்தன. வாயும் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு சைக்கிளில் அரை மணி நேரம். வேலையில் சேர்ந்த நாள்முதல் புருஷன்தான் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் போய்க் கூட்டிவருவார். அவர் வீட்டின் முன்னறையிலேயே மின்விசிறிக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பி சுற்றுகிறவர். வைண்டிங்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் குழந்தைகூட கை காட்டும். வேலை வீட்டுக்குள்ளேயே என்பதால் அவருக்கு வெளியே போக வேறு முகாந்திரம் கிடையாது. பழைய சைக்கிள் துருப்பிடித்து உயிரை விட்ட பிறகு, மகள் பள்ளிக்கு ஓட்டிய நடுக்கம்பி இல்லாத சைக்கிளையே எடுத்துக்கொண்டார். "என்னப்பா, லேடீஸ் சைக்கிளா?" என்று கேட்டவர்களிடம், "பின்னால லேடீஸ் உக்காந்திருக்காங்கல்ல, கணக்குச் சரியாப் போச்சு" என்பார்.

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவளுக்குத் தெருவில் பாதிதான் தெரியும். போகும்போது இந்தப் பக்கம், திரும்பும்போது அந்தப் பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் அவள் ஊரின் ஒரு பாதியைக் காலையில் மட்டும் பார்த்தாள், மறு பாதியைச் சாயங்காலத்தில் மட்டும். ரொட்டிக் கடை என்றால் அவளுக்குப் புதுச்சூடும் கூட்டமுமாக இருக்கிற இடம். எதிரிலிருந்த மூக்குக்கண்ணாடிக் கடை எப்போதும் விளக்குப் போட்டிருக்கிற இடம். முன்னால் என்ன வருகிறது என்று மட்டும் தெரியாது, முன்னால் புருஷனுடைய முதுகு இருந்தது. இதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை. சொகுசாகப் போகிறோம், இதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் இருந்தாள்.

போன வருஷம் வைண்டிங்காரரின் வலது முழங்கால் மக்கர் செய்தது. ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதத்துக்குப் பெடலை நினைத்தும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், இரண்டிலும் நின்றுகொண்டே போக வேண்டும். ஒரு வாரத்தில் காஜாக்கா நொந்துபோனாள். பக்கத்து மெஷினில் பட்டன் வைக்கிற பெண்தான் வழி சொன்னாள். அவளை இவள் பட்டன் என்றே கூப்பிடுவாள்.

"சைக்கிள் சும்மாதானக்கா கெடக்குது. ஓட்டக் கத்துக்க."

"இந்த வயசுல விழுந்தா எலும்ப எண்ணித்தான்டி எடுக்கணும்."

"விழாம புடிச்சுக்க நான் இருக்கேன்ல."

சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி முற்றத்தில், பட்டனுடைய சைக்கிளிலேயே பழக்கம் தொடங்கியது. பட்டன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவாள். ஜன்னலுக்கு ஒரு தலையாக மொத்தக் கம்பெனியும் வேடிக்கை பார்க்கும். இரண்டு முறை துணிக் கட்டுகளின்மேல் விழுந்தாள், ஒரு முறை மேலாளரின் காரில் மோதினாள். ஊர் வாயை மூட முடியாது என்று தெரிந்தவள், தானே முதல் ஆளாகச் சிரித்துவைத்தாள். ஒருநாள் பட்டன் கையை எடுத்தது தெரியாமலே முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டது.

தனியாக ஓட்டிப்போன முதல் வாரம் முழுக்கப் பயம். இரண்டாவது வாரம் பயம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. தெரு என்பது முன்னாலிருந்து தன்னை நோக்கி வருகிற ஒன்று என்பதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். பாதித் தெருவை இருபது வருஷம் பார்த்தவளைத்தான் கேட்க வேண்டும். நாள் முழுக்க அரை விரல் ஓட்டையைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண், கால்வாய்ப் பாலத்தின்மேல் ஏறியதும் கிழக்கே கடைசி மரம்வரை போய்த் திரும்பிவந்தது. பாலத்து இறக்கத்தில் பெடல் மிதிக்காமலே தெருக் கோடிவரை போகலாம். அந்த இறக்கத்தில் அவள் வாய்க்கு வந்ததைப் பாடுவாள். தாளமும் கிடையாது, ராகமும் கிடையாது, கேட்கவும் யாரும் கிடையாது.

தச்சுப் பட்டறை வாசலில் ஒரு நாய் இருந்தது. தினமும் குரைத்துக்கொண்டே கூட ஓடிவரும். மின்கம்பம் வந்ததும், தன் அதிகாரம் இதோடு முடிந்தது என்பதுபோல நின்று, திரும்பிப் பார்க்காமல் போய்விடும். மாடி வீட்டில் ஒருவர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரமும் இவள் கடக்கிற நேரமும் ஒன்று. தலையில் நாலு சொட்டு விழும். மேலிருந்து அவர், "மன்னிச்சுக்கங்கம்மா" என்பார். இவள், "எனக்கும் ரெண்டு பூ பூக்கட்டும், ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே போவாள்.

எல்லாவற்றையும்விட, நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பது பெரிய விஷயமாக இருந்தது. பாலத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்ப்பாள். வீட்டில் அவள் மனைவி, போனில் அம்மா, கம்பெனியில் காஜாக்கா. பாலத்தின்மேல் அவளுக்கு ஒரு பட்டமும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் தன்னோடு தானே பேசிப் பழகினாள். பேசிப் பார்த்ததில், நல்ல ஆள்தான் என்றும் தோன்றியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் வைண்டிங்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"சைக்கிள் ஓட்டலாமாம். ஓட்டினாத்தான் முட்டிக்கு நல்லதாம். நாளையிலேருந்து நானே உன்னக் கொண்டுவிடறேன். பாவம், ஆறு மாசமா ஒத்தையில கஷ்டப்பட்டுட்ட."

காஜாக்கா சைக்கிளைப் பார்த்தாள். "டாக்டர் நல்லாப் பாத்துச் சொன்னாரா?" என்றாள். "ரெண்டு தடவ கேட்டுட்டேன்" என்றார் அவர். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாள். "ஆறு மாசம் போனது போதாதா?" என்று சொல்லி, அப்போதே சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றி முடுக்கிவிட்டார்.

மறுநாள் கேரியரில் உட்கார்ந்தாள். அவர் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார். தெரு மறுபடி பாதியாயிற்று. பாலத்தின்மேல் அவர் நிற்கவில்லை, எதற்கு நிற்க வேண்டும்? இறக்கத்தில் பாட்டு வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. மாடிவீட்டுக்காரர் கையில் தண்ணீரோடு எட்டிப் பார்த்து, புருஷனோடு போகிற அம்மாவிடம் பேசலாமா என்று யோசித்து, உள்ளே போய்விட்டார்.

"இன்னொரு சைக்கிள் வாங்கேன்க்கா" என்றாள் பட்டன்.

"சைக்கிளா பிரச்சன? அவருக்கு என்னக் கொண்டுவிடணும். அதுல அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேண்டாம்னு சொன்னா மனுஷன் ஒடஞ்சுபோயிடுவாருடி."

"சொல்லாட்டி நீ ஒடஞ்சுபோயிடுவ போலிருக்கே."

காஜாக்கா அடுத்த சட்டையை மெஷினில் வைத்தாள். தன்னை இத்தனை வருஷம் சுமந்த மனுஷனிடம், நீங்கள் வர வேண்டாம், நான் தனியாகப் போகிறேன் என்று எந்த நாக்கால் சொல்வது? சொன்னால் அது காஜா மாதிரி, பிரித்துத் தைக்க முடியாது. சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டு இரண்டு வாரத்தைத் தள்ளினாள். வீட்டில் உப்புச் சப்பில்லாத காரியத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். வைண்டிங்காரர் காரணம் தெரியாமல் முழித்தார்.

அந்த இரண்டாவது வாரக் கடைசியில்தான் அது நடந்தது. பையன்கள் சட்டைக்கு இடப்பக்கம் காஜா, பெண்கள் சட்டைக்கு வலப்பக்கம். பாலத்து நினைப்பிலேயே கை ஓட, பையன்கள் சட்டை ஒரு கட்டு முழுக்க வலப்பக்கத்தில் கீறிவைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் ஒவ்வொரு சட்டையாக விரித்துக் காட்டினார். "உங்க கையா இது?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. இருபுறமும் கூட்டம். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் இறங்கிப் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"நாளையிலேருந்து நான் தனியாப் போறேன்."

"ஏன், முட்டியா? முட்டி இப்ப கல்லு மாதிரி இருக்கு."

"உங்க முட்டிக்காகச் சொல்லல. எனக்குத் தனியாப் போகணும். எனக்கே எனக்குன்னு அது ஒண்ணு இருந்துச்சு. நீங்க நல்லா ஆனதும் அது போயிடுச்சு. இப்படிச் சொன்னாப் பாவம்னு தெரியுது, ஆனாலும் சொல்லாம இருக்க முடியல."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தாள்.

"உன்னக் கம்பெனி வாசல்ல எறக்கிவிட்டுட்டு நேரா வீட்டுக்கா வந்தேன்னு நெனச்ச?" என்றார் அவர்.

"பின்ன?"

"ஏரியச் சுத்திக்கிட்டு வருவேன்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா."

"எவ்வளவு நாளா?"

"நீ வேலையில சேந்த மொத வாரத்துலேருந்து."

காஜாக்காவுக்குச் சுருக்கென்றது. தான் கேட்டது நியாயம், அவர் செய்தது துரோகம் என்பதுபோல ஒரு கணம் கோபம்கூட வந்தது. மனித மனம் இந்த மாதிரி விஷயத்தில் தராசைத் தன் பக்கமே சாய்த்துப் பிடிக்கும். "அப்ப நான் அவ்வளவு பாரமா இருந்தேனா?" என்றாள்.

"பாரம்தான். நீ எறங்கினதும் வண்டி பஞ்சு மாதிரிப் பறக்கும். அதுக்காக உன்மேல ஆச இல்லன்னு ஆயிடுமா?" அவர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "நீ மட்டும் தனியாப் போனா ஆச கொறஞ்சுபோச்சுன்னா அர்த்தம்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "அப்பறம் ஏன் நானே கொண்டுவிடறேன்னு ஒத்தக்கால்ல நின்னீங்க? சைக்கிள எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போறதுதானே?"

"காரியம் இல்லாம எப்படிப் போறது? தெருவுல யாராவது எங்க போறேன்னு கேட்டா என்னன்னு சொல்ல? உன்ன விடப் போறேன்னா ஒரு பேச்சு இருக்கு."

கேட் திறந்தது. பின்னாலிருந்தவர்கள் மணியடித்தார்கள். இருவரும் ஏறாமல் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தார்கள். வழியில் ஏற்பாடு முடிவாயிற்று. காலையில் சைக்கிள் அவளுக்கு, சாயங்காலம் அவள் வந்ததும் அவருக்கு.

மறுநாள் பாலத்தில் அவள் வழக்கத்தைவிடச் சற்று நேரம் கூடுதலாகவே நின்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சைக்கிளை அவரிடம் கொடுத்தபோது, அவர் வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"ஏதாவது வாங்கிட்டு வரணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"சோப்பு இருக்கா?"

"இருக்கு. சும்மா போயிட்டு வாங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திருட்டுத்தனம் செய்கிறவர்போல ஏறி மிதித்தார். காஜாக்கா வாசலில் நின்று பார்த்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தன் புருஷன் சைக்கிள் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பாள்? ஓட்டிய நேரமெல்லாம் அவள் பின்னால் அல்லவா இருந்தாள். காலையில் இறங்கியதும் உள்ளே போய்விடுவாள், சாயங்காலம் வெளியே வரும்போது அவர் முன்னமே வந்து நின்றிருப்பார்.

அவர் நேராக ஓட்டவில்லை. இடுப்புக்குமேல் உடம்பு முழுவதும் வலப்பக்கம் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. முட்டி வலிக்கிறதோ என்று முதலில் பதறினாள். அப்புறம்தான் புரிந்தது. கேரியரில் கால்களை இடப்பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு ஈடாக அவர் தினமும் இந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து, அவர் உடம்பே அப்படி ஆகிப்போயிருந்தது. இத்தனை வருஷம் ஒரு தடவைகூட விழாமல் போய்வந்தது தன் சாமர்த்தியம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வெறும் கேரியரோடு, பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதுபோலவே சாய்ந்தபடி, அவர் தெருமுனையில் திரும்பி ஏரிப் பக்கம் போனார். காஜாக்கா வாசல்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். ஆற்றாமையா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த மனுஷன்மேல் அவளுக்கு அன்றைக்கு இருந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.