மணலில் நான் புதைத்த சீப்பு

எட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆகஸ்ட் விடுமுறை. ஊர் உலகமெல்லாம் பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கண்டிக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், நானும் என் இரண்டு பிள்ளைகளும் கண்டியை விட்டு மாலைதீவுக்குப் புறப்பட்டோம். அங்கே ஒரு குட்டித் தீவு, அதில் ஒரே ஒரு கடற்கரை விடுதி. வேறு கடை, வீடு எதுவும் கிடையாது. கேட்பதற்குப் பெரிய இடத்துக் கதை மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. என் கணவர் அந்த விடுதியில் வேலை செய்தார். ஐந்து வருடம் முடித்த ஊழியர்கள், ஆள் குறைவான மாதங்களில் குடும்பத்தைக் கூப்பிட்டு நான்கு நாள் விருந்தாளிகளாகத் தங்கவைக்கலாம் என்று அங்கே ஒரு வழக்கம். எங்கள் முறை வந்தது.

மகளுக்கு அப்போது ஏழு வயது, மகனுக்கு நான்கு. மகளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது போன மனிதர், வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். மற்றப் பதினொரு மாதமும் ஹந்தானை வீட்டில் அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான். காலையில் பிள்ளைகளைக் கிளப்பி விட்டுவிட்டு, பஸ் பிடித்து மலை இறங்கி, டவுனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் பிள்ளைகளுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று யாராவது சொன்னால், வருத்தப்படுவது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்வேன்.

விமான நிலையம் போகும் வேனில் ஏறும்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "ஒனக்கென்னடி, மகாராணி மாதிரி போற" என்றார். குரலில் பொறாமை அப்பட்டமாகத் தெரிந்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது. கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் மகன் இரண்டு தடவை வாந்தி எடுத்தும்கூட என் முகத்தில் சிரிப்புக் குறையவில்லை.

விமானம் இறங்கிய இடத்திலிருந்து படகில் ஒரு மணி நேரம். படகுத்துறையில் வெள்ளைச் சட்டை போட்டு, குளிர்ந்த ஈரத் துவாய்கள் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு என் கணவர் நின்றார். பக்கத்தில் அவருடைய மேலாளர். "வெல்கம், மேடம்" என்றார் என் கணவர், என்னைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் வெட்கப்பட்டு ஒரு துவாயை எடுத்துக்கொண்டாள். மகன் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனைத் தூக்க அவர் குனிந்த நேரத்தில், எங்கிருந்தோ ஒரு வெள்ளைக்காரச் சிறுமி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். என் மகன் வயதுதான் இருக்கும். அவர் சிரித்தபடி தட்டை ஒரு கையில் சமாளித்துக்கொண்டு, மற்றக் கையால் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளையை அந்த மாதிரி இடுப்பில் வைக்க அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

அங்கே அவருக்கு வேலை, தங்க வருகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. மணல் வீடு கட்டுவது, மீன் காட்டுவது, கரையோரம் நீந்தப் பழக்குவது. எங்களுக்காக நான்கு நாள் லீவு வாங்கித்தான் வைத்திருந்தார். கூட வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் பகலெல்லாம் வேலைக்கு நிற்க வேண்டியதாகிவிட்டது. வேலை நேரத்தில் விருந்தாளிகளின் கதிரையில் உட்காரக் கூடாது, அவர்களோடு சாப்பிடக் கூடாது. நாங்களும் விருந்தாளிகள்தானே. ஆகவே நான் கடலைப் பார்த்துக்கொண்டு சாய்வுக் கதிரையில் கிடக்க, பத்தடி தள்ளி என் புருஷன் அடுத்தவர் பிள்ளைகளோடு மணலில் புரண்டுகொண்டிருந்தார்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஒரு கூத்து நடக்கும். உப்புத் தண்ணீரில் முடி சிக்காகிவிடும் என்று, கடலில் இறங்கும் முன் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அவர் தலை பின்னிவிடுவார். மரநிழலில் ஒரு குட்டி முக்காலி. பிள்ளைகள் ஆளுக்கொரு சீப்பை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "ஒன்றா, இரண்டா?" என்று ஒவ்வொருத்தியிடமும் இங்கிலீஷில் கேட்பார். விரலைக் காட்டுவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வகிடு எடுத்து, பின்னி, ரப்பர் போட்டு அனுப்பிவிடுவார். படகுத்துறையில் காலைக் கட்டிக்கொண்ட அந்தச் சிறுமிக்கு மட்டும் பின்னலை வளைத்துக் கிரீடம் மாதிரி வைத்துவிட்டார். அவள் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். தாய்மார் போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போய் வரிசையில் நில் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குள் என்னவோ ஏறியது. பெற்ற மகளின் தலையில் ஒரு நாள்கூடக் கை வைக்காதவர், யாரோ பெற்ற பிள்ளைக்குக் கிரீடம் பின்னுகிறார். நான்கு வயதுப் பிள்ளை மீது முப்பத்தொரு வயதுப் பொம்பளைக்குப் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள். வந்தது. அதன் சிரிப்பு, அதன் சோளக்குஞ்சம் மாதிரியான முடி, அது அவரைக் கூப்பிடும் உரிமை எல்லாமே எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய்க்குள் போட்ட கடுகு மாதிரிப் பொரிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பகல். அந்தச் சிறுமி விளையாட்டு அவசரத்தில் தன் சீப்பை என் கதிரைப் பக்கம் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். இளஞ்சிவப்பு நிறச் சின்னச் சீப்பு. சுற்றிலும் பார்த்தேன். மெதுவாகக் காலை இறக்கி, விரலால் மணலைத் தள்ளித் தள்ளி, அதைப் புதைத்துவிட்டேன். மேலே பாதத்தை வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது.

பத்து நிமிடத்தில் சீப்பைக் காணோம் என்று சிறுமி அழத் தொடங்கினாள். விருந்தாளியின் பொருள் தொலைந்தால் என் கணவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு. அவர் முழங்காலில் நின்று மணலை அளைந்து தேடினார். உச்சி வெயில். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்போது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இரண்டு நாளாக அவரிடம் ஒட்டாமல் இருந்த என் மகன், தன் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"இங்க தோண்டவா?" என்று அவரிடம் கேட்டான்.

"தோண்டுங்க தம்பி. மெதுவா, சீப்பு ஒடஞ்சிரும்" என்றார் அவர்.

அப்பனும் மகனும் தலையோடு தலை முட்டத் தோண்டினார்கள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், இவனும் போய்விட்டானா என்றுதான் நினைத்தேன். காலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

என் மகள் எழுந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் பாதத்துக்கு அடியில் கையை விட்டுச் சீப்பை உருவி எடுத்து, கவுனில் மணலைத் துடைத்து, அழுதுகொண்டிருந்த சிறுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். என் கணவரும் அப்போது நிமிர்ந்து பார்த்தார். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது.

மூன்று மணிக்கு அவருக்கு அரை மணி நேர இடைவேளை. பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, என்னைச் சமையலறைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார். விருந்தாளிகள் வராத பகுதி அது. ஊழியர்களின் துணிகள் கொடியில் காய்ந்தன. பருப்பு தாளித்த வாசம் வந்தது. அங்கே அவர் உட்காரலாம். எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"யாரோ பெத்த புள்ளைக்கு விதவிதமா பின்னத் தெரியுது. ஒங்க மகளுக்கு ஒரு நாளாச்சும் பின்னியிருக்கீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது.

"அவளுக்குப் பின்னத்தானே நான் பழகினேன்" என்றார். "ஸ்கூலுக்கு ரெட்டப் பின்னல் வேணுமே, லீவுல போனா நான் பின்னி அனுப்பணும்னு ஆசை. இங்க இருக்க பொம்பளப் புள்ளைக தலையிலதான் படிச்சேன். ரெண்டு லீவுக்கு முந்தி சீப்ப கையில எடுத்தேன். ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகுது, ஒங்களுக்குத் தெரியாது விடுங்க என்று அவர் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கியவள் நான்தான். அடுத்த வருடமும் அப்படித்தான். சோறு ஊட்டவா என்றால், நீங்க ஊட்டினா சாப்பிட மாட்டான் என்பேன். மகனைக் குளிப்பாட்டவா என்றால், நீங்க களைச்சுப் போய் வந்திருக்கீங்க, உட்காருங்க என்பேன். நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டு, பிஸ்கட் வைத்துத் தேத்தண்ணி கொடுப்பேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நான் வீட்டுக்கு வந்தா என்னைய விருந்தாளியாத்தான் வச்சிருக்க" என்றார். "அங்கயும் சீப்பு ஒன் கையில. இங்க வந்தும் புடுங்கி வைக்கிற. நான் எந்தத் தலையத்தான் பின்னுறது, சொல்லு?"

கடைசிச் சொற்களைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கட்டிய நாளிலிருந்து அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அந்தச் சிறுமி மீது நான் பட்டது இரண்டு நாள் பொறாமை. பிள்ளைகள் எனக்கு மட்டுமே வேண்டும் என்று அவர் மீதே நான் வருடக்கணக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்பது அந்தத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்கக்கூட நேரம் இருக்கவில்லை. மணி அடித்தது, அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் மகள் வழக்கம்போல என் முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் பின்னவில்லை. சீப்பை அவள் கையிலேயே கொடுத்து, "இன்னைக்கு அப்பாகிட்டப் பின்னிக்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுச் சீப்பை எடுத்தபோது பார்த்த அதே பார்வை. பிறகு விரித்த முடியோடு போய் வரிசையில் நின்றாள். ஆறாவது ஆள். அவளுக்குப் பின்னால், ஒட்ட வெட்டிய தலையோடு என் மகனும் போய் நின்றான். தங்கள் அப்பாவின் கை தலையில் படுவதற்கு, காசு கொடுத்துத் தங்க வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பின்னால் என் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அப்படி நிற்க வைத்தவள் நான்.

அவள் முறை வந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மற்றப் பிள்ளைகளிடம் கேட்கும் அதே மெட்டில், தமிழில் கேட்டார்.

"ஒன்னா, ரெண்டா, மிஸ்?"

"ரெண்டு" என்றாள் மகள். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, ரொம்ப இறுக்காதீங்க. அம்மா இறுக்கித்தான் பின்னுவாங்க. தலை வலிக்கும்" என்றாள்.

இத்தனை வருடத்தில் ஒரு நாள் கூட அவள் என்னிடம் அதைச் சொன்னதில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நியாயமாக அது சந்தோஷ அழுகையாக இருந்திருக்க வேண்டும். பாதி பொறாமை அழுகைதான்.

அவர் நேரமெடுத்துப் பின்னினார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. மகனின் முறை வந்தபோது பின்ன முடியே இல்லை. உச்சியில் நான்கு மயிரைச் சேர்த்துப் பிடித்து ஒரு ரப்பரைப் போட்டுவிட்டார். அவன் அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் வரை கழற்ற விடவில்லை. நான் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, மடியில் உட்காரவைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "சொரி" என்றேன். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. என் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருட லீவுக்கு அவர் வந்திறங்கிய மறுநாளே, பிள்ளைகள் எழும்பும் முன் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். துணி அளந்து வெட்டும்போதெல்லாம் வகிடு கோணலாகப் போயிருக்க வேண்டும், மகன் சாப்பிடாமல் அடம்பிடித்திருக்க வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வகிடு நேராக இருந்தது. மகன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தான். நான் நேரே குசினிக்குப் போய், தேவையே இல்லாமல் ஒரு பானையைத் தேய்த்தேன்.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார், கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மகள் பெரியவளாகிவிட்டாள். பள்ளியில் நடந்ததை முதலில் அவரிடம்தான் சொல்கிறாள். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கும்போது எனக்கு இன்றைக்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்துபோய் நடுவில் உட்காராமல் இருக்க, அந்தத் தீவில் என் பாதத்துக்கு அடியில் நுழைந்த ஏழு வயதுக் கை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.