நான் அனுப்பிய பட்டியல்

உளவியல் துறையில் இரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். கல்லூரி மாணவர்கள் இணையத்தில் குழுவாகச் சேர்ந்து படிக்கும்போது யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் எங்கள் பேராசிரியரின் ஆய்வு. ஐந்து பேருக்கு ஒரு கட்டுரை. விடுமுறையில் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே கோப்பில் எழுத வேண்டும். யார் எத்தனை சொல் எழுதினார்கள் என்று மென்பொருள் எண்ணிக்கொண்டே இருக்கும். முடிவில் குழுவினர் ஒருவருக்கொருவர் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள்.

அந்த எண்களை அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. ஒன்றும் எழுதாமல் குழுவோடு சேர்ந்து மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு ஆய்வில் நீளமான பெயர் ஒன்று உண்டு. எங்கள் அறையில் ‘ஓ.பி. கேஸ்’ என்போம். சிரித்துக்கொண்டுதான் சொல்வோம்.

என் ஊர் தியாகதுருகம் என்பதால் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அங்கே ஒரு குழுவில் கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எழுதிய சொற்கள் பூஜ்யம். மற்ற நால்வரும் அவளுக்குப் போட்ட மதிப்பெண்ணும் பூஜ்யம்.

அந்தக் கல்லூரி ஆசிரியர் ஒருநாள் போன் செய்தார். “வேலை செய்யாத பசங்க யார் யாருன்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க மேடம். இன்டர்னல் மார்க் போடணும்.”

மாணவர்களைப் பற்றிய விவரம் எதுவும் கல்லூரிக்குத் தரப்படாது என்று ஒப்புதல் படிவத்தில் தட்டச்சு செய்தவளே நான்தான். ஆனால் அடுத்த வருடமும் அந்தக் கல்லூரியின் அனுமதி எங்களுக்கு வேண்டியிருந்தது. பேராசிரியரிடம் கேட்காமலே அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

மறு வருடம், படிப்பை நடுவில் விட்டவர்களை நேரில் பார்த்துக் கடைசி வினாத்தாளை நிரப்பி வரச் சொன்னார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தேன். அவளும் அவள் அம்மாவும் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். வினாத்தாளின் அடுத்த வரியை வாசித்தேன்.

“குழுவில் என் கருத்துக்கு மதிப்பு இருந்தது. ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லு.”

“அஞ்சு போடுங்க மேடம்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “நீதான் ஒண்ணுமே எழுதலையே?”

“எழுதலைங்க. சொன்னேன். முக்கால்வாசி நான் சொன்னதுதான்.” உள்ளே போய் ஒரு போனை எடுத்து வந்தாள். திரை மூலையில் விரிசல் விட்டிருந்தது. “அந்த ஃபைலு இங்க தொறக்கவே தொறக்காது. டவர் கம்மி. பேசி வெச்சிக்கினு மேல பாறையாண்ட போனா வாய்ஸ் மட்டும் போயிடும். எங்க லீடர் கேட்டு டைப் பண்ணிக்குவா.”

அந்தக் குரல் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டாள். காபித் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் எப்படிப் படிப்பை விடுகிறார்கள் என்பது அவர்கள் கட்டுரை. நான் அதைப் படித்திருந்தேன். அந்தக் கல்லூரியிலேயே நல்ல கட்டுரை என்று குறித்தும் வைத்திருந்தேன். அதில் நான் அடிக்கோடிட்ட வரிகள் அவள் குரலில் வந்தன. பின்னால் கோழி கத்தியது, யாரோ இருமினார்கள்.

“அப்புறம் ஏன் நின்னுட்ட?”

“கிளாஸ்ல எழுப்பி நிக்க வெச்சாருங்க சார். ‘மலையிலேர்ந்து வந்து சும்மா குந்திக்கினு மார்க் வாங்கலாம்னு பாத்தியா’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்டர்னல்ல ஃபெயில் போட்டுட்டாரு. அந்த வருசம் வூட்ல எல்லாரும் காபிக்காட்டுக்குப் போனாங்க, நானும் போயிட்டேன். திரும்பி வந்தப்புறம் காலேஜுக்குப் போக மனசு வரல.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “லிஸ்ட் வந்துச்சுன்னாரு சார். யாருங்க மேடம் அனுப்பியிருப்பாங்க?”

“தெரியல,” என்றேன்.

அவள் அம்மா அவித்த கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டேன்.

அந்தக் குழுவின் லீடர் அப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. “ஸ்கிரீன்ல அவ பேருக்கு நேரா சைபர்னு காட்டிச்சு மேடம். மத்தவங்க அதைப் பாத்துத்தான் போட்டாங்க. நான் மட்டும் ஒம்பது போட்டா, அப்ப நீ எழுதுனது யாருதுன்னு கேப்பாங்க இல்ல?” அவள் அழுதாள். எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

குரல் பதிவுகளைப் பற்றிச் சொன்னதைப் பேராசிரியர் முழுவதும் கேட்டார். நல்ல களக்குறிப்பு என்றார். எண்களை இனி மாற்ற முடியாது, ஆய்வுக் கட்டுரையில் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடு என்றார். சேர்த்தேன். கட்டுரை வெளிவந்தது. அதில் மூன்றாவது பெயர் என்னுடையது.

கல்லூரி ஆசிரியரைப் போய்ப் பார்த்து, அந்தப் பட்டியல் தப்பு, அவள் மதிப்பெண்ணைத் திருத்துங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. “நீங்க அனுப்புன லிஸ்ட்தானே மேடம்? அந்தப் பொண்ணு டி.சி. வாங்கிக்கினு போயிட்டா. இப்ப வந்து இன்னா பண்ணச் சொல்றீங்க?”

பல மாதம் கழித்து அவளைப் போனில் கூப்பிட்டேன். நான்கு நாள் முயன்ற பிறகே லைன் கிடைத்தது. பட்டியலை அனுப்பியது நான்தான் என்று சொன்னேன்.

“அன்னிக்கு ஏங்க தெரியலன்னு சொன்னீங்க?”

“பயமா இருந்துச்சு.”

“எங்கம்மா உங்களத்தான் நல்ல மேடம்னு சொல்லிக்கினு இருக்குது.”

மறுபடி சேர்வதற்கு எழுதிப் பார்க்கலாம், கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். அவள் நடுவில் நிறுத்தினாள். “வேலைல இருக்கேன் மேடம். வெச்சிடறேன்.”

மறு வாரம் கூப்பிட்டபோது மணி போனது, எடுக்கவில்லை. அதற்கு மேல் கூப்பிட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.