செல்லபாய் அக்காவும் அறுபது டின் பருப்பும்

எங்கள் அண்டி ஆபீஸில் புதுச் சாக்கு பிரிக்கிற அன்றைக்கு செல்லபாய் அக்காவைக் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுக்கிற கம்பெனி. சிதறால் மலைக்குக் கீழே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. அக்கா வந்து சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பார். "இது தான்சானியா" என்பார். இன்னொரு சாக்கில், "இது ஐவரி கோஸ்ட்டாக்கும். கொஞ்சம் உருண்டையா இருக்கு பாரு" என்பார். சாக்கின்மேல் எழுதியிருப்பதை அவர் வாசிப்பதில்லை. அது இங்கிலீஷ். அக்கா படித்தது நாலாம் வகுப்பு.

பதினேழு வயதில் கொட்டை தல்ல வந்தவர். தல்லுவது என்றால் சுட்ட கொட்டையைக் கல்லில் வைத்து அடித்து உடைப்பது. ஓட்டிலிருந்து கசிகிற பால் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போகும். பிறகு கத்தி வைத்துத் தொலி, அதாவது பருப்பின் மேல்தோல், எடுக்கிற ஹாலுக்கு மாறினார். கடைசி பன்னிரண்டு வருடமாகக் கிரேடிங். வெள்ளைப் பருப்பு, கருகினது, முழுசு, பாதி, நுணுக்கு என்று தரம் பிரிக்கிற மேஜையில் அவருக்கு ஜன்னல் ஓரத்து இடம். வீட்டுக்காரர் இஸ்ரவேல் அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர். பிள்ளைகள் இரண்டுபேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

அக்காவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடக்கிற அறையில் ஒரு உலகப் படம் மாட்டியிருக்கிறது. ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்பு தேடும்போது அக்கா அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பார். தான்சானியாவில் ஒரு விரலை வைப்பார், தூத்துக்குடியில் இன்னொரு விரலை வைப்பார். "ஏட்டி, ஒரு சாணு கூட இல்ல. இதுக்குப் போயி ஒரு மாசமா கப்பல்ல வருகு?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

அவரைப் பல வருடமாகத் தொந்தரவு பண்ணிய கேள்வி ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் பொறுக்குகிற கொட்டையை இங்கே கொண்டுவந்து ஏன் உடைக்க வேண்டும்? அங்கே பெண்கள் இல்லையா? ஒருநாள் முதலாளியிடமே கேட்டுவிட்டார். முதலாளி கிளீட்டஸ் கடியப்பட்டணத்துக்காரர். குணமுள்ள மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர்.

"நம்ம நாட்டு அண்டி நமக்கு மூணு மாசத்துக்குத் தெகயாது அக்கா. அங்க கொட்ட நெறயக் கெடக்கு, ஒடைக்கப் பழகின கை இல்ல. இங்க கை உண்டு, கொட்ட இல்ல. அவ்வளவுதான்."

"அவியளும் பழகிற்றா?"

"பழகிற்றா நமக்குக் கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பெனின் என்ற நாட்டுக் கொட்டை வராமல் நின்றது. உடைக்காத கொட்டையை இனி வெளியே விடமாட்டோம், எங்கள் ஊரிலேயே உடைப்போம் என்று அந்த நாட்டு அரசாங்கம் சொல்லிவிட்டதாம். அக்கா அதைக் கேட்டு, "நல்ல காரியந்தான். அங்கயும் நம்மளப்போல பெண்ணுங்க இருப்பாளுவ இல்லியா" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. நமக்கு வருகிற வேலை அங்கே போகிறது, அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

போன ஆகஸ்ட் மாசக் கடைசியில்தான் பெரிய அடி விழுந்தது. நம் நாட்டுச் சாமான்களுக்கு அமெரிக்கா ஐம்பது சதவீதம் வரி போட்டது. முதலாளி எங்கள் எல்லாரையும் தொலி எடுக்கிற ஹாலில் கூட்டிச் சொன்னார்.

எங்களில் ரெஜிஷா வாய்த்துடுக்கானவள். "அமெரிக்காக்காரன் போட்ட வரிய அமெரிக்காக்காரன் குடுக்கட்டு மொதலாளி. நமக்கு என்ன?" என்றாள்.

"குடுக்கமாட்டான் மக்கா. வியட்நாம்ல போய் வாங்குவான். அங்கத்த பருப்புக்கு வரி இருவதுதான்."

"அதென்ன, நமக்கு அம்பது அவனுக்கு இருவது?" என்று அக்கா கேட்டார். "ஒரே பருப்புத்தான?"

"பருப்பப் பாத்து வரி போடல்ல அக்கா. நாட்டப் பாத்துப் போட்டிருக்கு."

அக்கா அதையும் மனதில் போட்டுக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து ஆறு நாள் வேலை ஐந்து நாளாகக் குறைந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்றபிறகு நாங்கள் பத்து நிமிஷம் ஜெபம் பண்ணுவோம். அன்றைக்கு என் முறை. வயிற்றெரிச்சலில், "ஆண்டவரே, எங்கள் வேலையைப் பிடுங்குகிற வியட்நாம் கம்பெனிகளின் மிஷின்களை நிறுத்திப்போடும்" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். அக்கா சொல்லவில்லை.

"என்ன அக்கா, ஒமக்கு அங்க சொந்தக்காரவிய இருக்காவளா?" என்று ரெஜிஷா குத்தினாள்.

"இல்லட்டி. அங்கயும் ஒரு சபை இருக்கும், ஒரு மத்தியான ஜெபம் இருக்கும். அங்க ஒருத்தி, இந்தியாக்காரனுக்க அண்டி ஆபீஸ் பூட்டணும் ஆண்டவரேன்னு கேட்டா, அவரு யாருக்க பக்கம் நிப்பாரு?"

"நம்ம பக்கந்தான். நம்மளுல்லா மூத்த சபை" என்றாள் ரெஜிஷா. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அந்த விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வேன் வந்தது. சாக்கு இல்லை, டின். அறுபது டின். முதலாளி அதை நேராகக் கிரேடிங் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னார். அக்கா ஒரு டின்னைத் திறந்து பருப்பை மேஜையில் பரப்பினார். ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் தொலி எடுக்கிறவள்.

"இதப் பாரு. ஒரு பருப்புலயும் கத்தி படல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். கையால் தொலி எடுத்தால் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பருப்பின் மடிப்பில் எங்கேயாவது கத்தி நுனி லேசாகத் தொட்டிருக்கும். இந்தப் பருப்பு வழவழவென்று இருந்தது. மிஷினில் தொலி எடுத்தது.

அக்கா முதலாளியிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"மொதலாளி, இது எங்கத்த பருப்பு?"

அவர் மறைக்கவில்லை. "வியட்நாம். ஒரு ஏவாரி கொண்டு வந்து தந்தான். நம்ம தல்லித் தொலிச்சு எடுக்குத செலவவிட கொறஞ்ச விலை."

"கொறஞ்ச விலைக்குப் பருப்பு வெளியேந்து வரப்பிடாதுன்னு நம்ம சர்க்காரு சட்டம் போட்டிருக்குன்னு யூனியன் கூட்டத்துல சொன்னாவளே?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "மாட்டுத் தீவனம்னு எழுதிக் கொண்டு வந்திருப்பான். நான் கேக்கல்ல, அவன் சொல்லல்ல."

அக்கா கையில் இருந்த பருப்பைப் பார்த்தார். "குடுத்துவச்ச மாடு" என்றார்.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு காரியத்துக்கு வந்தார். இதை நம் பருப்போடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், எல்லாம் கையால் தொலி எடுத்தது என்று சொல்லி நாகர்கோவிலில் பலகாரக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் கலக்க அக்காவால்தான் முடியும். இந்தத் தடவை ஓடிவிட்டால் மாசாமாசம் எடுக்கலாம்.

"மாசாமாசம் எடுத்தா தொலி எடுக்குத பிள்ளைய எதுக்கு?" என்று அக்கா கேட்டார்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். ஹாலில் நாங்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் பாதிப்பேர் வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அக்காவுக்குப் பயமில்லை, எந்த நாட்டுப் பருப்பு வந்தாலும் தரம் பிரிக்க ஆள் வேண்டும். போகிறது எங்கள் இடம்தான்.

அக்கா, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் வீட்டிலிருந்து ஒரு இரும்புச் சட்டியும் சின்னக் குப்பியில் நெய்யும் கொண்டு வந்திருந்தார். டீ போடுகிற அடுப்பைப் பற்றவைத்து, முதலாளியையும் கூப்பிட்டார். எங்கள் பருப்பு ஒரு பிடி, வந்த பருப்பு ஒரு பிடி, இரண்டையும் ஒன்றாக நெய்யில் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். கொஞ்ச நேரத்தில் பாதிப் பருப்பு பொன்னிறமாக வந்தது, பாதி அதற்குள் கறுக்கத் தொடங்கிவிட்டது.

"கறுக்குதது வந்த பருப்பு. மிஷின் சூட்டுல நல்லா உலந்தது. நம்மளுக்கதவிட ஈரம் கொறவு" என்றார் அக்கா. "கண்ணுக்குத் தெரியாம நான் கலந்து தரலாம் மொதலாளி. கடைக்காரனுக்க சட்டி காட்டிக் குடுத்துரும். பின்ன தீவாளிக்கு மட்டுமில்ல, கிறிஸ்மஸுக்கும் உங்களுட்ட வாங்கமாட்டான்."

முதலாளி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"இன்னும் ஒரு காரியம்" என்றார் அக்கா. வறுக்காத வியட்நாம் பருப்பு ஒன்றை எடுத்துக் கடித்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அக்கா ஆபீஸுக்குள் பருப்பு தின்று நாங்கள் பார்த்ததில்லை. அது எங்களுக்கு விலக்கு. எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். நல்ல ருசிதான். பொய் சொல்லக்கூடாது.

"இந்த வளைவயும் ருசியயும் பாருங்க. இது ஐவரி கோஸ்ட் கொட்டையாக்கும். நம்ம ஒடைக்குத அதே கொட்ட. அங்கேந்து வியட்நாமுக்குப் போயி, மிஷின்ல தொலிச்சு, மாட்டுத் தீவனமா இங்க வந்திருக்கு."

"அப்போ இது நம்மளவிட ஊர் பாத்த பருப்பு" என்றாள் ரெஜிஷா.

அக்கா முதலாளியிடம் திரும்பினார். "நான் இத தனியா தரம் பிரிச்சுத் தாறேன். ஒரு குறையும் வைக்கமாட்டேன். வியட்நாம் பருப்புன்னு சொல்லியே வில்லுங்க. நம்மளது கைத்தொலின்னு சொல்லி வில்லுங்க. கலக்க மட்டும் சொல்லாதிய. சொன்னா நான் வீட்டுல இருந்துருவேன்."

"தனியா வித்தா என்ன கிட்டும் அக்கா? நான் கணக்கு போட்டது கலக்குததுக்குல்லா. ஏற்கெனவே அமெரிக்கா ஆர்டரு போச்சு. அப்போ ஹால்ல பத்துப் பேரயாவது நிறுத்தணும். நீரே சொல்லும், யாரன்னு."

அக்காவுக்கு இது எதிர்பாராதது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பத்துப் பேரில் நானும் இருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் கை இப்போது அவ்வளவு வேகம் இல்லை.

"எங்க வீட்டுக்காரரு வேலை செய்யுத தோட்டத்துல ரப்பர் விலை விழுந்தப்ப ஒரு காரியம் செய்தாவ" என்றார் அக்கா மெதுவாக. "வெளிநாட்டு ரப்பரு கொறஞ்ச விலைக்கு வந்து எறங்கின நேரம். ஆள நிறுத்தல்ல. எல்லாருக்கும் வெட்டுத நாளக் கொறச்சாவ. இங்கயும் அஞ்சு நாள நாலாக்குங்க. எல்லாருக்கும்."

"கிரேடிங்குக்கு அஞ்சு நாள் வேலை இருக்கே."

"கிரேடிங்குக்கும் நாலு. அஞ்சாம் நாளு ஹால்லேருந்து ரெண்டு பிள்ளைய மாறிமாறி அனுப்புங்க. அதுக்கு முந்தின நாலு நாளுல நான் சொல்லிக் குடுக்கேன். நாளைக்கு மிஷின் வந்தாலும் தரம் பிரிக்கத் தெரிஞ்ச கை வேணுமே."

முதலாளி உடனே சரி என்று சொல்லவில்லை. போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். வியட்நாம் டின்களை அக்கா மூன்று நாளில் தனியாகப் பிரித்துக் கொடுத்தார். அவை ஐந்தே நாளில் விற்றுப் போயின. விலை குறைவு, வாங்காமல் என்ன செய்வார்கள். எங்கள் பருப்பு அசையாமல் கிடந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு பலகாரக் கடைக்காரர்கள் கைத்தொலிதான் வேண்டும் என்று கேட்டு முக்கால்வாசியை எடுத்துக்கொண்டார்கள். மீதி கால்வாசி இன்னும் அறையில்தான் இருக்கிறது.

முதலாளி மறுபடி அந்த வியாபாரியிடம் டின் எடுக்கவில்லை. விலை ஏறிவிட்டது என்று சொன்னார். அதுதான் காரணமா, வேறு காரணமா, நான் கேட்கவில்லை. அக்கா கேட்டிருப்பார்.

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் வேலைப் பட்டியல் ஒட்டியிருந்தது. நாலு நாள் என்று போட்டிருந்தது. செல்லபாய் அக்காவுக்கும் நாலு நாள். ரெஜிஷா விரலை வைத்து மேலிருந்து கீழே பேர்களை எண்ணினாள். சந்தேகம் வந்து கீழிருந்து மேலேயும் எண்ணினாள். ஹாலில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரும் அதில் இருந்தோம்.