அவன் கேட்டது ஒரு கருப்புச் சட்டை

"பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

போன வாரம் மதுரையில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம் கேட்ட கேள்வி. நியாயமான கேள்விதான்.

பேஷன்ட்டுக்கு நான் அப்பா இல்லை. மாமா, சித்தப்பா இல்லை. அந்தப் பையன் வீட்டார் வேதக்காரர்கள், இயேசுவைக் கும்பிடுகிறவர்கள்; நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே காம்பவுண்டுச் சுவர். அவ்வளவுதான் உறவு.

"பக்கத்து வீடு, சிஸ்டர்" என்றேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற ஆபரேஷனுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரனையா கூட்டிக்கொண்டு வருவார்கள்?

வருவார்கள். சில ஆபரேஷனுக்கு அப்படித்தான் வருவார்கள்.

செல்வினுக்கு இருபத்தேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீஷியன். 'கோயம்புத்தூர்ல புது மெஷின் எறக்குதாங்க, வர ரெண்டு மூணு நாளாகும்' என்று வீட்டில் சொல்லிவிட்டு மதுரைக்கு வந்திருந்தான். வந்தது மார்பு ஆபரேஷனுக்கு. சில ஆண்களுக்கு மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்துவிடுகிறது. அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் கைனகோமாஸ்டியா. காலேஜ் பையன்கள் வைக்கிற பெயர் வேறு... அதை இங்கே எழுத முடியாது. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸில் நாலு வருஷமும் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டே போய்வந்த பையன் அவன். படிப்பில் அவ்வளவு பிரியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "ரொம்ப சாதாரணம் சார். வயசுக்கு வரும்போது நெறைய பசங்களுக்கு வரும், பெரும்பாலும் தானாவே போயிடும். இவருக்குப் போகல. டெஸ்ட்டெல்லாம் பாத்தாச்சு, வேற கோளாறு இல்ல. கொழுப்ப உறிஞ்சி எடுத்துட்டு, உள்ள கட்டியா இருக்கிற சுரப்பியச் சின்னதா கீறி எடுத்துடுவோம்" என்றார்.

"எக்சர்சைஸ் பண்ணா போகாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"கொழுப்புன்னா கொறையும். சுரப்பி எப்படி சார் கொறையும்?"

பாவம், விடியற்காலையில் பால் வாங்கப் போகிற என்னைத் தாண்டி எத்தனை நாள் ஓடியிருக்கிறான்! ஜிம்முக்கும் போனான். உள்ளே தசை திரண்டு, இருந்ததை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளியதுதான் மிச்சம்.

அவனை உள்ளே கொண்டுபோன பிறகு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அதே டாக்டரைப் பார்க்க இன்னும் சில பையன்கள் வந்திருந்தார்கள். தொளதொள சட்டை, கூன் போட்ட தோள், மடியில் பை. கூடவே ஒரு நண்பன். பையன் சண்டை போட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வந்தால்கூட ஓடி வருகிற அப்பாக்கள் — அந்த ஹாலில் ஒருவர்கூட இல்லை.

செல்வினுடைய அப்பா ஒரு பாஸ்டர். வீட்டை ஒட்டியே தகரக் கூரை போட்ட சின்ன சபை. நல்ல மனிதர், என் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது கேட்காமலே வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனவர். அவர்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு, தானாக மனசாரக் கேட்டு, தண்ணீரில் முழுசாக முங்கி எழ வேண்டும். சுந்தரபாண்டியம் கிராமத்தில் ஒரு விசுவாசியின் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில்தான் நடக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தொட்டியைச் சுற்றி ஆண்களும் பெண்களும் நின்று பாடுவார்கள். முங்கி எழுந்தவரை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஜெபம் செய்வார்கள்.

வெள்ளைச் சட்டை நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

மில்லில், ஆம்பிளைகள் பனியனோடு நிற்கிற புழுக்கத்தில், இறுக்கமான பனியனுக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுப் பட்டனை மேல்வரை பூட்டிக்கொண்டு வேலை பார்த்தவன் அவன். ஒவ்வொரு தடவை ஞானஸ்நானம் வரும்போதும் காய்ச்சல், ஷிஃப்ட், தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்தான். சபையில் திருவிருந்துக்கு அப்பமும் திராட்சை ரசமும் வரும்போது, முங்காதவன் என்பதால், தொடாமல் அடுத்தவரிடம் நகர்த்துவான். பாஸ்டர் வீட்டுப் பிள்ளை! ஊர் பேசாதா?

ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். காலேஜ் கடைசி வருஷம். "அப்பா, வெள்ளைக்குப் பதிலா கருப்புச் சட்ட போட்டுக்கிட்டு எறங்கட்டா?"

கேட்டது தப்பில்லை. கேட்ட நிறம்தான் தப்பு. நம்ம ஊரில் கருப்புச் சட்டை என்றால் என்ன அர்த்தம்? சாமி இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களின் சட்டை. பையன் காலேஜில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டான், ஞானஸ்நானத்தையே கேலி பண்ணுகிறான் என்று பாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைக்கில், "என் வீட்டுலயே ஒரு கடினப்பட்ட இருதயம் இருக்கு. ஜெபிச்சுக்கோங்க" என்று அழுதார். அந்தச் சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு உபவாசம், முழு இரவு ஜெபம், வெளியூர்ப் பிரசங்கியார்கள் வந்து தலையில் கைவைப்பது... எல்லாம் நடந்தது. இத்தனைக்கும் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பைபிள் வாசிக்கிற பையன் அவன்.

கிரேஸ் அக்கா, அவனுடைய அம்மா, போன வருஷம் தவறிவிட்டார். சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தம்பி, சாவுறதுக்கு எனக்குப் பயமில்ல. ஆனா நான் போற பரலோகத்துக்கு, முங்காத இவன் வரமாட்டானே... அங்க போயும் நான் எம்புள்ளயப் பாக்க முடியாதே தம்பி."

அவன் அப்போது வெளியே வராந்தாவில், அம்மாவுக்கு வாங்கிய இட்லிப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிற நேரத்தில் அவன் பேசியதும் அதைப் பற்றித்தான். "அங்கிள், அம்மா அன்னைக்கு ஒங்ககிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. உள்ள வந்து சொல்லிருக்கலாம். வாய் வரலை. பதினாலு வயசுல அம்மாகிட்டதான் மொதல்ல காமிச்சேன். பெரியவனானா சரியாப் போயிரும்னாங்க. சரியாப் போச்சுன்னே நெனைச்சிட்டாங்க, அங்கிள்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நர்ஸைத் தேடுவதுபோல எழுந்து போனேன்.

ரெண்டு நாள் கழித்து, பக்கவாட்டில் நீர் வடியப் போட்டிருந்த டியூபை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது டாக்டர் ஒரு இறுக்கமான உள்சட்டையைக் கொடுத்து, சில வாரம் கழற்றக் கூடாது என்றார். இத்தனை வருஷம் இறுக்கமான பனியனிலிருந்து விடுதலை கிடைக்காதா என்று ஏங்கியவனுக்கு ஆஸ்பத்திரி கொடுத்து அனுப்பியது... இன்னொரு இறுக்கமான பனியன்! அவனே அதைச் சொல்லிச் சிரித்தான். சிரித்தால் வலித்தது.

கார் ஊருக்குள் நுழையும்போது, "வீட்டுக்கு வாங்க அங்கிள். அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிருதேன்" என்றான்.

பாஸ்டர் ஹாலில் பிரசங்கத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இவன் எதுவும் பேசாமல் சட்டையின் பட்டன்களைக் கழற்றினான். இறுக்கமான உள்சட்டையையும் அதன் ஓரத்தில் தெரிந்த பிளாஸ்டரையும் பார்த்து அவர் பதறிப்போனார். "ஏலே, மில்லுல அடிபட்டுட்டியா? சார், என்ன ஆச்சு சார் எம்புள்ளைக்கு?"

அவனே சொன்னான். நின்று நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். பஸ், பனியன், தொட்டி, வெள்ளைச் சட்டை.

பாஸ்டர் குறிப்பெடுத்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அதுக்கா அன்னைக்குக் கருப்பு கேட்ட?" என்றார்.

"ஆமாப்பா. நனைஞ்சாலும் தெரியாதுல்ல."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மைக்கில் அழுத அழுகை இல்லை இது, சத்தமே வரவில்லை.

"விடுங்கப்பா. காயம் ஆறட்டும், தண்ணில எறங்கலாம்னு டாக்டர் சொன்னதும் சுந்தரபாண்டியம் போவோம். வெள்ளையே போட்டுக்கிடுதேன்" என்றான் செல்வின்.

நியாயமாக இந்தக் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அப்பாவும் பிள்ளையும் கட்டிக்கொள்ள, நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

பாஸ்டர் துண்டை எடுத்தார். "அது சரிலே... ஒங்கம்மாகிட்ட யாருலே சொல்லுவா?"

எங்கள் வீடாக இருந்தால், மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி, 'நீ பயந்த மாதிரி இல்ல தாயி, உன் பிள்ளை நல்ல பிள்ளைதான்' என்று நாலு வார்த்தை சொல்லிவிடுவோம். அவர்கள் வழக்கத்தில் இறந்தவர்களிடம் பேசக் கூடாது. அதைச் சபையில் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

செல்வின் மெதுவாகச் சட்டைப் பட்டன்களைப் போட்டுக்கொண்டான்.

'ஏம்ப்பா கருப்பு?' என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.