விபத்துக் காரின் ஃபேன்

என் பழைய கார் கயத்தாறு போவதற்குள் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் தேடி இன்று கோவில்பட்டியில் பழைய சாமான் கடைக்குப் போனேன்.

நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து கடைக்காரர் ஃபேனைக் கழற்றி, பேட்டரியில் தொட்டுக் காட்டினார். நன்றாகச் சுற்றியது.

"விபத்து வண்டி அண்ணாச்சி. ஓட்டுனவருதான் போயிட்டாரு, ஃபேன் புத்தம்புதுசு."

அந்தக் காருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார்.

"போன மாசந்தான் எங்க வீட்டுக்காரவிய மாட்டுனாவ. பிள்ளைகளோட வழியில நின்னுறக் கூடாதுன்னு."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஃபேனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் மெக்கானிக்கை வைத்து மாட்டி, அவரோடு எப்போதும்வென்றான் ஊர் வரை ஓட்டினேன். கொதிக்கவே இல்லை.

"நல்ல சாமான் அமைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றார் மெக்கானிக்.

நீங்களாக இருந்தால் வாங்கியிருப்பீர்களா? வெயிலில் கார் நின்று தவித்தவர்கள் மட்டும் பதில் சொல்லுங்கள். மற்ற நல்லவர்கள் மன்னிக்கவும்.