கருக்குவிளைக்கு வராத கிணறு

திங்களும் வெள்ளியும் கூடும் உதியன்குளங்கரைச் சந்தை கலையும் நேரத்தில் பூதலிங்கம் பிள்ளை சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். தோளில் நேரியல் துண்டு, கையில் மடக்கிய குடை. கல்லின்மேல் ஏறமாட்டார்; அது தலைச்சுமை இறக்குகிறவர்களுக்கு உள்ளது என்பார். அவர் தொண்டையைச் செருமினால் போதும், கருப்பட்டி விற்றவர்களும் ஓலைப்பெட்டி விற்றவர்களும் சுற்றிலும் கூடிவிடுவார்கள்.

"கேட்டதைச் சொல்லல்லே. கண்டதைச் சொல்லுதேன்" என்றுதான் அவர் தொடங்குவது.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வெகுகாலம் குமஸ்தாவாக இருந்து விலகியவர். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறுக்குப் பிறகு ஊர்களில் பஞ்சாயத்து ஏற்பட்டபோது, குளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் சிலவற்றுக்கு அவர் மெம்பர் ஆனார். சர்க்கார் உத்தரவுகள் மலையாளத்தில் வரும். படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அவற்றைத் தமிழில் சொல்வது மெம்பரின் வேலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவராக எடுத்துக்கொண்டது. அம்மை குத்துகிறவர் வரும் நாள், கலுங்குப் பாலம் பழுதுபார்க்க வழி அடைக்கும் நாள், சந்தைக் கூரை மாற்றும் நாள் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் ஊருக்கு உறுதி.

அந்தப் பங்குனித் திங்கட்கிழமையும் அப்படித்தான் தொடங்கினார்.

"செங்கல் ஊர் உற்சவத்துக்குள்ள யானை புதன்கிழமை இந்த வழி போவும். ரோட்டோரத்திலே வாழைக்குலையைச் சாத்தி வச்சிட்டு, யானை தின்னுட்டுன்னு எங்கிட்ட வரப்பிடாது."

"மெம்பரே, யானைக்கும் பஞ்சாயத்திலே வோட்டு உண்டா?" என்றான் தங்கையன். கருக்குவிளைப் பனையேறி, கூட்டத்தில் அவன் வாய் சும்மா இருந்ததில்லை.

"இல்லடே. ஆனா சொன்ன நேரத்துக்கு வரும். உன்னைப் போலே இல்லை."

சிரிப்பு அடங்கியதும் பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டார். குரல் மாறியது.

"கருக்குவிளைக்காரங்க கேளுங்க. கிணறு காரியம். இந்த வருஷம் நம்ம பக்கத்துக்கு ஒரே ஒரு பொதுக்கிணறுதான். ஒண்ணு கருக்குவிளை, இல்லேன்னா ரோட்டடி. எஞ்சினியர் நேரிலே வந்து பார்த்து, எங்கே ஆவசியம் கூடுதலோ அங்கே குறி அடிப்பாரு. ஆளு இல்லாத எடத்திலே சர்க்கார் கிணறு வெட்டாது. பங்குனி பதினெட்டு, வியாழக்கிழமை காலத்தே, ஒரு வீடு மிச்சமில்லாம வந்து நிக்கணும்."

"வியாழன் உறுதிதானா பிள்ளே?" என்று கேட்டாள் சரசம்மா.

"கண்டதாக்கும் சொல்லுதேன்."

அவள் கேட்டதில் காரணம் இருந்தது. கருக்குவிளைக்காரர்கள் குடித்தது மாடு குளிக்கும் குளத்து வெள்ளம். போன கோடையில் அந்தக் குளம் வற்றிச் சேறானபோது பேதி வந்தது. சரசம்மாவின் மகள் விலாசினி காலையில் ஓலை பொறுக்கப் போனவள், அந்திக்குள் இல்லாமலானாள். அதற்குப் பிறகு பஞ்சாயத்துக் கூட்டம் ஒவ்வொன்றிலும் பிள்ளை கிணறு, கிணறு என்று மல்லுக்கட்டினார். மற்ற மெம்பர்கள் அவருக்குக் 'கிணற்றுப் பிள்ளை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

பிள்ளையின் வீட்டு வேலிக்குள் கல் கட்டிய கிணறு ஒன்று உண்டு. கருக்குவிளைக்காரர்கள் அதன் கரையை மிதித்ததில்லை. மிதிக்கக்கூடாது என்று யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, வழக்கம் அப்படி. அதை மாற்றப் பிள்ளைக்குத் தோன்றியதில்லை. பொதுக்கிணறு வந்தால் எல்லாம் சரியாகும் என்றிருந்தார்.

வியாழக்கிழமை விடியும்போதே கருக்குவிளை கூடிவிட்டது. பெண்கள் பாதையைப் பெருக்கினார்கள். தங்கையன் குருத்தோலை வெட்டித் தோரணம் கட்டினான். பனையேறிகள் யாரும் அன்று பனை ஏறவில்லை. பாளையை நேரத்துக்குச் சீவாவிட்டால் பதநீர் நின்றுபோகும். பங்குனியில் அதுதான் அவர்கள் கஞ்சி. அப்படியும் நின்றார்கள்.

வெயில் ஏறியது. குழந்தைகள் அழுதன. பிள்ளை பாதை முக்குவரை போவதும் திரும்புவதுமாக இருந்தார். உச்சி சாய்ந்தது. எஞ்சினியரும் இல்லை, அவர் வண்டியும் இல்லை.

"எஞ்சினியரு யானைமேலே வாறாரோ என்னவோ" என்றான் தங்கையன். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அவன் தோரணத்தைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். "கண்டதைச் சொல்லுவாராம்! எலே, வாங்கலே போவோம். பாளையாவது பிழைக்குதான்னு பாப்போம்."

பிள்ளை நேரே சர்க்கார் அலுவலகமான பகுதிக் கச்சேரிக்கு நடந்தார். அங்கே கணக்கு எழுதும் நீலகண்டன் அவருக்குப் பழைய பழக்கம்.

"எஞ்சினியர் ஏன் வரல்லே?"

"இன்னைக்கு எதுக்குப் பிள்ளே வாறாரு? உத்தரவு மீனம் பதினெட்டுக்குல்லா? இன்னைக்குப் பதினேழாக்கும்."

பிள்ளை சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கியது மலையாளப் பஞ்சாங்கம். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சூரியன் ராசி மாறுவது உச்சி சாய்ந்த பிறகு, அஸ்தமனத்துக்கு முன்னால் நேர்ந்தால், தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாதம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கில் மறுநாள்தான் பிறக்கும். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒன்றாகவே ஓடும். இந்தப் பங்குனி அப்படி ஓடவில்லை. கோர்ட்டில் வாய்தாக்களை இரண்டு கணக்கிலும் ஒத்துப்பார்த்தே ஆயுளைக் கழித்தவருக்கு இது தெரியாததல்ல. உத்தரவில் மலையாளப் பங்குனியான மீனம் பதினெட்டு என்றுதான் இருந்தது, கிழமை இல்லை. அதை வாசித்த சந்தோஷத்தில், தம் வீட்டுச் சுவரில் தொங்கிய நாகர்கோவில் தமிழ்ப் பஞ்சாங்கத்தைத் திருப்பி, பதினெட்டுக்கு நேரே வியாழன் என்று கண்டார். கண்டதைத்தான் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் கருக்குவிளைக்கு ஓடினார். வீடுவீடாக முற்றத்தில் நின்று கூப்பிட்டார்.

"நாளைக்காக்கும் வாறாரு! தப்பு என்னுடையது. தமிழ்க் கணக்குக்கும் மலையாளக் கணக்குக்கும் ஒரு நாள் பிசகிப்போச்சு."

"ஒரு சூரியனுக்கு ரெண்டு ஒண்ணாம் தேதியா?" என்றான் தங்கையன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. "மெம்பரே, நாங்க படிக்காதவங்கதான். அதுக்காக இப்படியா?"

"சத்தியமாச் சொல்லுதேன் தங்கையா. நாளைக்கு ஒரு நாள்."

"நாளைக்கும் சீவல்லேன்னா பாளை செத்துப்போவும். பொறவு கிணற்று வெள்ளத்தையா காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க? இருக்கிற கருப்பட்டியை விக்க நாளைக்குத்தான் சந்தை. பெண்ணுங்க எல்லாம் அங்கே போவும்."

சரசம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் பிள்ளே. ஆனா இன்னைக்கு எங்க அடுப்பு எரியல்லே. நாளைக்கும் எரியாம இருக்க இந்த வீட்டிலே இனியும் ரெண்டு கொச்சுப் பிள்ளைங்க உண்டு."

பிள்ளை பாதையில் இறங்கி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் எஞ்சினியரின் வில்வண்டி வந்தது. கருக்குவிளையில் பிள்ளையும் அவர் மனைவி பிச்சம்மாளும் மட்டும் நின்றார்கள். பிச்சம்மாள் அந்தப் பாதையில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கணவர் தனியாக நிற்பது பொறுக்காமல் வந்துவிட்டாள். நாலா பக்கமும் பனை உச்சியில் ஆட்கள் இருந்தார்கள். பிள்ளை கையைக் குவித்துக் கூப்பிட்டார். ஓலைச் சலசலப்பில் அது எட்டியதோ என்னவோ.

"ஆளுகள் எவிடே?" என்றார் எஞ்சினியர்.

"எல்லாரும் நேற்றைக்கு வந்து நின்னாங்க, ஏமானே. நாளு பிசகினது நான். இதோ குளம், ஒரு தடவை இறங்கிப் பாருங்க..."

எஞ்சினியர் இறங்கவில்லை. கிழிந்து கிடந்த தோரணத்தைப் பார்த்தார். "வேணும்னு கேக்க ஒரு ஆளும் இல்லாத எடத்திலே நான் எதை எழுதுவேன்?"

வண்டி திரும்பியது. பிள்ளை அதன் பின்னால் ஓடினார். நேரியல் நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. "ஏமானே, குழந்தைகள் செத்துப்போன எடம், ஏமானே!" கோர்ட்டில் தலைநிமிர்ந்து நடந்தவர் புழுதியில் மூச்சிரைக்க ஓடுவதைப் பனை உச்சியிலிருந்து தங்கையன் பார்த்தான். வண்டியும் கண்ணில் பட்டது. அவன் மளமளவென்று இறங்கி வந்தபோது பிள்ளை பாதை முக்கில் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்.

"நெசமாவே வந்தாரா?" என்றான் தங்கையன்.

பிள்ளை ஆமென்று தலையை அசைத்தார்.

ரோட்டடியில் கடைக்காரர்கள் இளநீரும் மாலையுமாகத் திரண்டு நின்றார்களாம். மத்தியானத்துக்குள் அங்கே குறி அடித்தாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளை சுமைதாங்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பழைய தொடக்கம் அவர் வாயில் வரவில்லை.

"கிணறு ரோட்டடிக்குப் போச்சு. இனி நம்ம பக்கத்துக்கு எப்போன்னு எனக்குத் தெரியாது." குடையை ஊன்றிக்கொண்டார். "குளம் இந்த மாசத்திலேயே சேறாவும். அதைக் குடிக்காதீங்க. என் வீட்டுக் கிணறு உண்டு. குடத்தோட வாங்க."

கேட்டவர்கள் நம்பினார்களா என்பது தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அவருடைய பங்காளிகள் இருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடியும் முன்பே சரசம்மா வந்து வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னபோது, காலைத் தூக்கி வைக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிச்சம்மாள் வாளியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள். அன்று ஒரு குடம். அடுத்த நாள் நாலைந்து. பிறகு வரிசை பாதை முக்கு வரைக்கும் நீண்டது. பங்காளி வீடுகளில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிள்ளையையும் பிச்சம்மாளையும் அழைப்பது நின்றது. அடுத்த தேர்தலில் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை.

அது ஒரு வீட்டுக்கென்று வெட்டிய கிணறு. சித்திரை பிறந்து சில நாளில், பிள்ளை இறைத்துக்கொண்டிருந்தபோது, வாளி அடிப்பாறையில் மோதிக் கணகணத்தது. வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது.

"வெள்ளம் ஊறும்" என்றார் பிள்ளை. "கொஞ்சம் பொறுத்தா ஊறும்."

"கண்டு சொல்லுதீரா மெம்பரே?" என்று கேட்டான் தங்கையன். கேலி இல்லை அதில்.

"இல்லை, மக்கா" என்றார் அவர். கயிற்றை விடாமல், குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. போக வேறு இடம் இல்லை.